அணியத்தக்க அழகு, புதுமை, ஒரு கைக்குழி: இளம் ஆடை வடிவமைப்பாளருக்குப் பதில்

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் 27 வயது ஆடை வடிவமைப்பாளர் ஒருவர் ஒன்பது பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் வருமாறு.

படிப்பின் இறுதியாண்டில், கம்பி வளையங்களையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளையும் கொண்டு அவர் செய்த எட்டு உடைகள் முதல் பரிசு பெற்றன. அவற்றை அணிந்தவர்களால் உட்கார முடியவில்லை. இன்று அவை இரண்டு அட்டைப் பெட்டிகளில் அவருடைய கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அதன்பின் சொந்தப் பெயரில் தொழில் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மெல்லிய பருத்தியில், இடுப்பில் சுருக்கம் வைத்த, சிறு பூப்போட்ட கவுன்கள்தாம் அவருக்கு வாடிக்கையாளர்களைப் பெற்றுத் தந்தன. அண்மையில் 24 உடைகளை மேடையேற்றினார். கைதட்டல் நன்றாகவே இருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் அவருடைய பழைய ஆசிரியர் தனியாக அழைத்து, “எல்லாம் அழகாக இருக்கின்றன. இதில் நீ எங்கே இருக்கிறாய்?” என்று கேட்டிருக்கிறார். அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று எழுதுகிறார் வாசகி.

அடுத்த வாரமே பல கிளைகள் கொண்ட ஒரு துணிக்கடை நிறுவனம் அவரை அணுகியது. 24இல் ஆறு உடைகளை மூன்று பருவங்களுக்குத் தொடர்ந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, இரண்டு நிபந்தனைகளை வைத்தது. அந்த உடைகளை வேறு எவருக்கும் விற்கக் கூடாது. அக்குளில் வைத்துத் தைத்திருக்கும் ‘தேவையற்ற துண்டை’ எடுத்துவிட வேண்டும், ஏனெனில் அதைத் தைக்க நேரம் பிடிக்கிறது. வாசகியின் கேள்விகள் நான்கு. நான் புதுமையைக் கைவிட்டுவிட்டேனா? என் தலைமுறை வடிவமைப்பாளர்கள் எல்லோருமே விற்பனையாகும் அழகுக்குள் ஒதுங்கிவிட்டோமா? இந்த ஆர்டரை ஏற்கலாமா? இனி புதிதாக ஏதாவது செய்தால் பெரிய நிறுவனங்கள் நகலெடுக்காமல் சட்டம் என்னைக் காக்குமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை உங்கள் ஆசிரியரின் கேள்விதான் மனத்தில் நின்றது. மூன்றாம் முறை படிக்கும்போது ஏழாம் பக்கத்தில், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஐந்து வரிகளில் வந்து நின்றுவிட்டேன். நாள் முழுவதும் கரும்பலகையில் எழுதும் ஒரு வாடிக்கையாளர், கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் கவுனின் இடுப்பு மேலேறுவதாகச் சொன்னதையும், அதைச் சரிசெய்ய நான்கு மாதங்களில் பதினோரு மாதிரிகள் தைத்து, கடைசியில் அக்குளில் ஒரு சாய்சதுரத் துண்டை வைத்ததையும் அங்கே குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியிலேயே, “இது வெறும் தையல் வேலை, புதுமை என்று சொல்ல முடியாது” என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களோடு உடன்படாத இடம் இதுதான். என் பதில் முழுவதும் இதைச் சுற்றியே அமையும்.

உங்கள் வரைபடத்தை வைத்துக் காடாத் துணியில் ஒரு மேற்பாதியை வெட்டித் தைத்து, உங்கள் வாடிக்கையாளரின் உடல்வாகுக்கு அருகில் வரும் ஒருவரை அணியச் சொன்னேன். முதலில் துண்டு இல்லாத மாதிரி. அவர் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபோது இடுப்புத் தையல் நான்கு விரற்கடை ஏறியது. கையை இறக்கிய பிறகும் அது முழுதாகக் கீழே வரவில்லை, அவர் அறியாமலே இரு பக்கமும் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு உங்கள் துண்டு வைத்த மாதிரி. ஏற்றம் ஒரு விரற்கடைக்கும் குறைவு, கை இறங்கியதும் உடையும் தானாக இறங்கியது. முன்னால் நின்று பார்த்தபோது இரண்டு மாதிரிகளுக்கும் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. அணிந்தவருக்கோ முதல் நொடியிலேயே தெரிந்தது.

அழகு வேறு, சோம்பல் வேறு

அணியத்தக்கதும் அழகானதுமான உடை புதுமைக்கு எதிரானது என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுவதும் ஓடுகிறது. படிக்கும் காலத்தில் இந்த எண்ணம் வேரூன்றுவது இயல்புதான். மதிப்பெண் போடும் மேசையின் முன் உடை சில நிமிடங்களே நிற்கிறது; அந்தச் சில நிமிடங்களில் கண்ணைப் பறிப்பதே புதுமை என்று பெயர் பெறுகிறது. ஆனால் இத்தொழிலின் வரலாறு வேறுவிதமாக இருக்கிறது.

மேட்லீன் வியோனே என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் 1912இல் பாரிஸில் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் காகிதத்தில் வரைந்து தொடங்கவில்லை. ஒரு சிறிய மரப்பொம்மையின் மேல் துணியைச் சுற்றியும் தொங்கவிட்டும் பார்த்து, பிறகுதான் முழு அளவுக்குப் போவார். துணியை நேர் இழைக்கு 45 பாகை சாய்த்து, நம் தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் முறையில், உடை முழுவதையும் வெட்டுவதை ஒரு கலையாகவே வளர்த்தார். அப்படி வெட்டிய துணி தானே நீளும், தானே உடலோடு ஒட்டி விழும். அதனால் அவருடைய பல உடைகளுக்குக் கொக்கியோ பொத்தானோ தேவைப்படவில்லை, தலைவழியாகப் போட்டுக்கொண்டால் போதும். பார்த்தவர்கள் அழகான உடை என்றார்கள். அந்த அழகு வெட்டிலிருந்து பிறந்தது.

உங்கள் அக்குள் துண்டுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. பிரெஞ்சு வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் 1939இல் மூடிய தம் ஆடையகத்தை 15 ஆண்டுகள் கழித்து, 70 வயதில், 1954 பிப்ரவரியில் மீண்டும் திறந்தார். அன்று அவர் காட்டியவை பழைய பாணியில் இருக்கின்றன, புதிதாக எதுவுமில்லை என்று பிரெஞ்சுப் பத்திரிகைகள் கடுமையாக எழுதின. அமெரிக்கப் பெண்கள் அவற்றை விரும்பி வாங்கினார்கள். அந்த ஜாக்கெட்டுகளில் அவர் மிக அதிகம் உழைத்த இடம் கைக்குழிதான், அதாவது உடலோடு கையை இணைத்துத் தைக்கும் வளைவு. மாடல் அணிந்து நிற்கும்போதே ஜாக்கெட்டின் கையைப் பிரித்தெடுத்து, மறுபடி வைத்து, திரும்பத் திரும்பத் தைக்கச் சொல்வார். கைக்குழியைப் பெரிதாக வெட்டினால் கை தாராளமாகத் தூக்க வரும் என்றுதான் தையல் கற்கும் எல்லோரும் முதலில் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. குழி கீழே இறங்க இறங்க, கை தூக்கும்போது உடையின் பக்கவாட்டையே சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். குழி சிறிதாக, அக்குளுக்கு நெருக்கமாக இருந்தால் கை தனியாக அசையும், உடல்பகுதி அசையாமல் நிற்கும். ஷனேல் குழியை உயர்த்திச் சாதித்ததை நீங்கள் துண்டு வைத்துச் சாதித்திருக்கிறீர்கள். கேள்வி ஒன்றுதான், விடைகள் இரண்டு.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், தோள் மிகக் கூர்மையாக நிற்கும் ஒரு கோட்டை வெட்டினேன். காட்சிக்கு வைத்த அன்று எல்லோரும் பாராட்டினார்கள். வாங்கிச் சென்ற பெண்மணி பத்து நாளில் திருப்பிக் கொண்டுவந்தார். அதை அணிந்து வண்டியின் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை என்றார். அவருடைய உடல்வாகுதான் காரணம் என்று நானே சொன்னேன். அந்தப் பதிலுக்காக நான் இன்றும் வருந்துகிறேன். நீங்கள் அப்படிச் சொல்லாமல், பதினோரு முறை வெட்டியிருக்கிறீர்கள்.

ஆனாலும், உங்களுடைய 24 உடைகளின் புகைப்படங்களையும் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் ஆசிரியரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆறேழு உடைகளில் உங்கள் யோசனை தெரிகிறது. மற்றவற்றில் இடுப்புச் சுருக்கமும் பூவும் கழுத்துச் சரிகையும் முன்பு விற்றன என்பதற்காகவே திரும்ப வந்திருக்கின்றன. 9, 14, 20ஆம் உடைகளில் துணி மட்டுமே வேறு, பேட்டர்ன், அதாவது துணியை வெட்ட வைக்கும் மாதிரித் தாள், ஒன்றே. நாம் பேசிக்கொண்டிருக்கும் அழகு அதில் இல்லை, பழக்கம்தான் இருக்கிறது. ஆசிரியர் உங்களைத் தேடியது அந்த உடைகளுக்கு நடுவில்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் தலைமுறையைப் பற்றி

இளம் வடிவமைப்பாளர்கள் துணிச்சலைவிட விற்கக்கூடிய அழகையே அதிகம் தேர்ந்தெடுக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆலோசனைக்காக என்னிடம் வரும் கோப்புகளை வைத்துச் சொன்னால், ஆம், அந்தச் சாய்வு தெரிகிறது. அதை ஒழுக்கக்குறைவாகப் பார்க்க எனக்கு மனமில்லை, காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. ஒரு பருவத்துக்கான உடைகளைக் கடை ஏறத்தாழ ஆறு மாதம் முன்பே பார்த்து ஆர்டர் கொடுக்கிறது. துணிக்கும் தையலுக்குமான பணத்தை வடிவமைப்பாளர் முதலில் போட வேண்டும். கடையின் பணம் சரக்கு போய்ச் சேர்ந்த பிறகே வரும், பல வேளைகளில் தாமதமாக. இந்த இடைவெளியைக் கடன் வாங்கித் தாண்டுகிறவர், சென்ற பருவத்தில் விற்றதையே மறுபடி செய்யத்தான் விரும்புவார்.

இரண்டாவது காரணம் கைபேசித் திரை. இன்று ஓர் உடையைப் பெரும்பாலோர் முதன்முதலில் பார்ப்பது தீப்பெட்டி அளவில், முன்பக்கமாக மட்டும். அந்த அளவில் நிறம் தெரியும், பூ தெரியும், பெரிய கை தெரியும். கைக்குழி தெரியாது, கிராஸ் வெட்டு விழும் விதம் தெரியாது, பை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரியாது. ஆகவே திரைக்குப் பிடித்த இனிமை ஒரு பக்கமும், திரைக்குப் பிடித்த அதிர்ச்சி மறுபக்கமும் வளர்கின்றன.

உங்கள் கம்பி வளைய உடைகளை நீங்கள் இழந்த சொர்க்கமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவையும் முன்னாலிருந்து பார்ப்பதற்காகவே செய்யப்பட்டவை. உள்ளே இருக்கும் உடல் என்ன செய்யும் என்ற கேள்வியை அன்று நீங்கள் கேட்கவில்லை. பூப்போட்ட கவுன்களில் ஒன்றிலாவது கேட்டிருக்கிறீர்கள். அந்த அளவில், கல்லூரிப் பரிசு பெற்றவரைவிட இன்றைய நீங்கள் முன்னேறியவர். இப்படிச் சொல்வதால் மேடைக்கான துணிச்சலை நான் தாழ்த்துவதாக எண்ண வேண்டாம். 2022இல் பாரிஸில் கோபர்னி என்ற நிறுவனம், மாடல் பெல்லா ஹதீதின் உடல்மேல் மேடையிலேயே திரவத்தைத் தெளித்து, அது உறைந்து உடையாவதைக் காட்டியது. அதைப் பலரும் படம்பிடிக்கும் வித்தையாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். பின்னால் இருந்தது மனேல் டோரெஸ் என்பவர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய, தெளித்தால் துணியாகும் பொருள். மேடைக் கணத்துக்குப் பின்னால் அப்படி ஓர் உழைப்பு இருந்தால் அதை மதிக்கிறேன். உங்கள் வளையங்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மேதைகள் எல்லோரும் இளமையிலேயே எதற்கும் வளையாமல் புதுமை செய்தார்கள், பணம் பிறகு வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதுவும் திருத்திக்கொள்ள வேண்டிய கருத்து. ஜப்பானிய வடிவமைப்பாளர் ரே கவாகுபோ பாரிஸை உலுக்கியது 1981இல். ‘கோம் தெ கார்சோன்’ என்ற பெயரில் அவர் உடைகளை விற்கத் தொடங்கியதோ 1969இல். பன்னிரண்டு ஆண்டுகள் ஜப்பானில் கடைக்கும் வாடிக்கையாளருக்கும் தைத்த பிறகே அந்த மேடை வந்தது. 1997ஆம் ஆண்டுக்கான தொகுப்பில் முதுகிலும் இடுப்பிலும் பஞ்சுப் பொதிகளை வைத்து உடலின் உருவத்தையே மாற்றிக் காட்டிய அவருடைய நிறுவனம்தான், வாசனைத் திரவியங்களையும் சிறு இதயச் சின்னம் பதித்த எளிய டி-சர்ட்டுகளையும் விற்கிறது. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மக்வீன் 16 வயதில் லண்டன் சாவில் ரோவில் ஆண்களுக்கான கோட்டு தைக்கும் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தவர். பிறகு அவர் உடைத்த விதிகள் எல்லாம் அங்கே கையால் தைத்துக் கற்றவை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஈவ் சாங் லோராங் 1966இல் ஆண்களின் இரவு விருந்துக் கோட்டைப் பெண்களுக்காக வெட்டினார். அளவெடுத்துத் தைக்கும் அவருடைய உயர்தர ஆடையகத்தில் அது ஒன்றே ஒன்றுதான் விற்றது. அதே ஆண்டு அவர் திறந்த ஆயத்த ஆடைக் கடையில் இளம்பெண்கள் அதைத் தேடி வாங்கினார்கள். ஒரு புதிய வடிவம் ஓரிடத்தில் விற்கவில்லை என்றால், வடிவத்தைக் கைவிடுவதற்கு முன் இடத்தை மாற்றிப் பார்க்கலாம். உங்கள் வாடிக்கையாளர்களில் கையைத் தூக்கி வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தீர்களா? ஆசிரியைகள், முடிதிருத்துவோர், நூலகத்தில் அடுக்குவோர், கைக்குழந்தையைத் தூக்குவோர் என்று அந்தப் பட்டியல் மிக நீளமானது.

ஆர்டரை ஏற்பதா, மறுப்பதா

மறுத்தால் உங்கள் கையிருப்பு இன்னும் ஐந்து மாதம்தான் தாங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்கையில் கொள்கைக்காக மறுத்துவிடுங்கள் என்று சொல்வது பொறுப்பான ஆலோசனை ஆகாது. அப்படியே ஏற்பதிலும் பெரிய ஆபத்து இருக்கிறது. மூன்று பருவம் என்பது ஒன்றரை ஆண்டு. அந்த ஒன்றரை ஆண்டும் உங்கள் பெயர் தாங்கிப் பலநூறு பெண்களிடம் போகப்போவது, கையைத் தூக்கினால் இடுப்பேறும் கவுன். நீங்கள் தீர்த்துவிட்ட ஒரு குறையை மறுபடி உருவாக்கி உங்கள் பெயரிலேயே விற்பீர்கள். முதலில் சம்பாதித்துவிட்டுப் பிறகு புதுமை செய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தை நான் நம்புவதில்லை. அந்தப் ‘பிறகு’ வரும்போது தையல் கூடம், வாங்குபவர், வாடிக்கையாளர் எல்லோரும் பழைய உடைக்கே பழகியிருப்பார்கள்.

பேசிப் பார்க்க இடம் இருக்கிறது. அவர்களுடைய ஆட்சேபம் துண்டின் மேல் இல்லை, தைக்கப் பிடிக்கும் நேரத்தின் மேல்தான். உங்கள் வரைபடத்தில் துண்டு ஒரே சாய்சதுரமாக இருக்கிறது. கையையும் பக்கத்தையும் தைத்து முடித்த பிறகு, நான்கு மூலையிலும் ஊசியை நிறுத்தித் துணியைத் திருப்பித் திருப்பி அதை வைக்க வேண்டியிருக்கிறது. தேர்ந்த கைகளுக்கே இது சோதனை. பெரிய தையல் கூடத்தில் வரிசையையே நிறுத்திவிடும். அந்தச் சாய்சதுரத்தை நீளவாக்கில் இரண்டு முக்கோணங்களாக வெட்டுங்கள். ஒன்றை முன்பாகத்தோடும் மற்றதைப் பின்பாகத்தோடும், உடை தட்டையாக விரிந்திருக்கும்போதே சேர்த்துவிட்டால், பிறகு கையின் உள்தையலும் பக்கத் தையலும் முக்கோணங்களின் நடுவே ஒரே ஓட்டமாக மணிக்கட்டிலிருந்து இடுப்புவரை போய்விடும். சாய்சதுரம் திரும்பத் திரும்ப ஊசியை நிறுத்தச் சொன்ன இடத்தில், இங்கே முக்கோணத்துக்கு ஒரே ஒரு கூர்மூலைதான் மிஞ்சும். இன்னொரு வழி, தனித்துண்டையே விட்டுவிட்டு, உடையின் பக்கத் துண்டை மேலே நீட்டிக் கையின் அடிப்பகுதியாகவே வெட்டுவது. இதில் துணி கொஞ்சம் அதிகம் பிடிக்கும், தையல் மிகக் குறையும். இரண்டையும் தைத்துக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். அந்த நேரக் கணக்கோடு போய்ப் பேசினால் உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும்.

அப்போதும் அவர்கள் மறுத்தால், ஆறில் கையில்லாத உடைகள் இரண்டு இருக்கின்றன அல்லவா, அவற்றை மட்டும் கொடுக்க முன்வாருங்கள். ஆர்டர் சிறிதாகும், ஆனால் ஐந்து மாதம் என்பது எட்டு மாதமாகலாம். அதுவும் முடியாவிட்டால், மற்ற நான்கையும் உங்கள் பெயர்ப்பட்டை இல்லாமல் அவர்களுடைய பெயரில் விற்கச் சொல்லலாம். எனக்கு அது பிடித்த வழியில்லை. கடன் கழுத்தை நெரிக்கும் நிலையில் அதை ஒரு பருவத்துக்கு மட்டும் ஏற்பவரை நான் குறை சொல்லவும் மாட்டேன்.

கையெழுத்துக்கு முன்

உங்கள் வரைவு ஒப்பந்தத்தில் என்னைக் கவலைப்பட வைத்த இடங்கள் மூன்று. நான் வழக்கறிஞர் இல்லை. இவற்றை அறிவுசார் சொத்துரிமை வழக்குகளைப் பார்க்கும் ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

பெயர்: ‘வடிவமைப்பாளரின் பெயரைத் தொடர்புடைய பொருள்கள் அனைத்திலும் பயன்படுத்தும் உரிமை’ என்று ஒரு வரி இருக்கிறது. இது ஆறு உடைகளுக்கு மட்டும், மூன்று பருவங்களுக்கு மட்டும் என்று திருத்தப்பட வேண்டும். அமெரிக்க வடிவமைப்பாளர் ஹால்ஸ்டன் 1973இல் தம் நிறுவனத்தைப் பெயரோடு சேர்த்து விற்றார். 1980களில் தாம் தொடங்கிய நிறுவனத்திலிருந்தே வெளியேற்றப்பட்ட பிறகு, தம் பெயரில் ஓர் உடைகூடச் செய்ய அவருக்கு உரிமை இருக்கவில்லை.

பேட்டர்ன்: உடை விற்கப்படுகிறது, பேட்டர்ன் விற்கப்படவில்லை என்று தெளிவாக எழுதப்பட வேண்டும். தையல் கூடத்துக்குத் தரும் பிரதிகள் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வர வேண்டும்.

பணம்: துணிச் செலவுக்காவது முன்பணம் கேளுங்கள். விற்காத உடைகளைத் திருப்பி அனுப்பலாம் என்ற வரியை ஏற்க வேண்டாம். அது இருக்கும்வரை உங்களுக்குக் கிடைத்திருப்பது ஆர்டரே இல்லை.

நகலெடுப்பதும் சட்டமும்

புதிதாகச் செய்தால் சட்டம் காக்கும், காக்காவிட்டால் புதுமை செய்து பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பாதிகளையுமே கொஞ்சம் தளர்த்த வேண்டும். உடையின் வெட்டுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது, பொதுவாக வடிவமைப்பாளர்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், பதிவு செய்யாத வடிவமைப்புக்கே, அது முதலில் பொதுவெளிக்கு வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு பாதுகாப்பு உண்டு. பதிவு செய்தால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்து 25 ஆண்டுவரை நீட்டலாம், பொதுவெளிக்கு வந்த 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்காவில் பதிப்புரிமை உடையின் வெட்டைக் காப்பதில்லை. 2017இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், உடையிலிருந்து தனியே பிரித்து எண்ணிப் பார்க்கக்கூடிய மேற்பரப்பு அலங்காரத்துக்குப் பதிப்புரிமை கிடைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு விளையாட்டு அரங்குகளில் உற்சாகமூட்டும் குழுவினரின் சீருடைக் கோடுகளைப் பற்றியது. ஆக, உங்கள் பூவுக்குக் கிடைக்கக்கூடிய காப்பு உங்கள் கைக்குழிக்குக் கிடைக்காமல் போகலாம். வடிவமைப்புச் சட்டங்களும் முழுக்கப் பயன்பாட்டுக்காகவே அமைந்த கூறுகளைப் பொதுவாக ஒதுக்கிவிடுகின்றன. காப்புரிமைக்குப் போகலாம் என்றால், அக்குள் துண்டு என்ற யோசனை பல நூற்றாண்டுப் பழமையானது. அதில் நீங்கள் கண்ட நுட்பம் புதியது என்று நிறுவுவது கடினம்.

ஆனால் நகலெடுப்பவர்கள் பெரும்பாலும் புகைப்படத்தைப் பார்த்தே நகலெடுக்கிறார்கள். பூவும் சுருக்கமும் ஒரே இரவில் போய்விடும். கையைத் தூக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும் ஒன்றை எடுக்க வேண்டுமானால், ஓர் உடையை வாங்கி, பிரித்து, புரிந்துகொண்டு, அதற்கான தையல் நேரத்தையும் செலவிட வேண்டும். அந்த நேரத்தைத்தான் அந்தத் துணிக்கடை நிறுவனம் இன்று செலவிட மறுக்கிறது. வியோனேயும் நகலெடுப்பவர்களோடு போராடினார். ஒவ்வோர் உடையையும் முன், பக்கம், பின் மூன்றும் ஒன்றாகத் தெரியும்படி கண்ணாடிகளின் நடுவே படமெடுத்து ஆல்பங்களில் சேர்த்தார், பெயர்ப்பட்டையில் தம் கட்டைவிரல் ரேகையைப் பதித்தார். உங்கள் பதினோரு மாதிரிகளையும் தேதியிட்டு இதேபோல் படமெடுத்து வையுங்கள், கிழித்த மாதிரிகளையும் சேர்த்து. வழக்குக்குப் பயன்படாவிட்டாலும், அடுத்த முறை ஆசிரியர் கேட்கும்போது எடுத்துக் காட்ட உதவும். உண்மையில் நான் உங்களிடம் எதிர்பார்க்கும் முதல் வேலையே அதுதான். அவரை அழைத்து, 24 உடைகளைப் பற்றி எதுவும் சொல்லாமல், கரும்பலகை ஆசிரியையின் கவுனை அவர் கையில் கொடுத்து உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மாதிரியில் நான் கண்ட ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். துண்டின் மேல்மூலையில், பின்பக்கம், தையல் ஓரத்துக்கு மிக நெருக்கமாக வெட்டு போயிருக்கிறது. என் காடாத் துணி மாதிரியிலேயே நாற்பது முறை கையைத் தூக்கி இறக்கியதும் அங்கே இழை விலகத் தொடங்கியது. மெல்லிய பருத்தியில் இன்னும் சீக்கிரம் பிரியும். அடுத்த மாதிரியில் அந்த மூலையின் உள்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கிராஸ் துண்டை வைத்து, வெட்டுவதற்கு முன்பே சுற்றிலும் நெருக்கமாக ஒரு தையல் போட்டுக்கொள்ளுங்கள்.